லா பாஸில் பகலும் இரவும்: உயரம் பார்த்துப் போடும் திட்டம்

பொலிவியாவின் லா பாஸ் நகர மையம் சுமார் 3,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானம் இறங்கும் எல் ஆல்ட்டோ அதற்கும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டி. கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே கிடைக்கும். அதனால் எந்த நாளில் சைக்கிள், எந்த நாளில் மலை, எந்த இரவில் குடி என்று உயரத்தைப் பார்த்துத்தான் வரிசை போட வேண்டும்.

முடிந்தால் நேரே பறந்து வராதீர்கள். சுக்ரே (சுமார் 2,800 மீட்டர்) அல்லது கொச்சபாம்பாவில் (சுமார் 2,550) இரண்டு மூன்று இரவு தங்கிவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். அதற்கு நேரமில்லாதவர்கள் முதல் இரண்டு இரவை நகரின் தெற்குப் பகுதியான கலாக்கோத்தோ, சான் மிகேல் பக்கம் கழிக்கலாம். மையத்தைவிட ஏறத்தாழ 300 மீட்டர் தாழ்வு; தூக்கத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை எடுப்பதென்றால் வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கோக்கா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கிடைக்கும், குடிக்கலாம். மிச்ச இலையைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறினால்தான் வம்பு.

தலைவலி மட்டும் என்றால் ஓய்வு போதும். வாந்தியோடு நடை தள்ளாடினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வாங்குங்கள். ‘கீழே இறங்கு’ என்ற பொது அறிவுரை இங்கே அவ்வளவு எளிதில்லை. பக்கத்துத் தாழ்நிலமான யுங்காஸுக்குப் போக 4,700 மீட்டர் லா கும்ப்ரே கணவாயைக் கடக்க வேண்டும். விமானம் பிடிக்கவும் மேலேதான் ஏற வேண்டும்.

முதல் நாள் பகலுக்கு கேபிள் கார் போதும். 2014-இல் தொடங்கிய இந்த மி டெலிஃபெரிகோதான் நகரத்தின் மெட்ரோ. மத்திய நிலையத்தில் சிவப்புத் தடம் ஏறி எல் ஆல்ட்டோ, அங்கே வெள்ளித் தடத்தில் குறுக்கே போய், மஞ்சள் தடத்தில் சோப்போகாச்சி வழியாக இறங்கி, பச்சையில் தெற்குப் பகுதி. காலில் பாரமில்லாமல் நகரம் முழுதும் பார்த்தாகிவிடும். வியாழனும் ஞாயிறும் போனால் எல் ஆல்ட்டோவில் பெருஞ்சந்தை நடக்கும். ஃபோனை உள்பாக்கெட்டில் வையுங்கள்.

‘மரணச் சாலை’ என்று பேர்பெற்ற, யுங்காஸுக்கு இறங்கும் பழைய மலைச்சாலையில் சைக்கிள் பயணம் மூன்றாம் நாளுக்குமேல். லா கும்ப்ரேயில் தொடங்கி 1,200 மீட்டரில் இருக்கும் யோலோசா வரை, 60 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதல், பெரும்பாலும் இறக்கம். முதல் பகுதி தார்ச்சாலை, பிறகு சரளைக்கல். பழைய சாலையில் மட்டும் இடப்பக்கம் ஓட்டுவது விதி. இறங்குபவர்கள் பள்ளத்தாக்கின் ஓரத்தில் போக வேண்டும், ஏறும் வண்டிக்கு மலைப்பக்கம். கிளம்புமுன் பார்க்க வேண்டியது பிரேக். ஹைட்ராலிக் டிஸ்க் இருக்கிறதா, பட்டை தேய்ந்திருக்கிறதா, முன் பிரேக் எந்தக் கையில்? நம்மூர் சைக்கிளில் முன் பிரேக் வலது கை. அமெரிக்கக் கண்டத்தில் பெரும்பாலும் இடது. பழக்கத்தில் தவறான கையை அழுத்தினால் வளைவில் முன் சக்கரம் பூட்டி ஆள் தலைகுப்புற விழுவார். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, மென்மையாகப் பிடியுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சேறும் மூடுபனியும். மே முதல் செப்டம்பர்தான் சரியான காலம். முந்தின இரவு குடித்துவிட்டு இதில் ஏறுவது முட்டாள்தனம். பயணம் முடிந்த இரவுதான் கொண்டாட்டத்துக்கு ஏற்றது.

ஹுவாய்னா பொட்டோசி (6,088 மீட்டர்) ஏறுவதென்றால் குறைந்தது ஐந்து நாள் நகரத்தில் பழகிய பிறகு, அதுவும் மூன்று நாள் திட்டமாக எடுங்கள். இரண்டு நாள் திட்டம் மலிவு, ஆனால் பனியில் நடக்கும் பயிற்சிக்கு நேரமிருக்காது. ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பேருக்குமேல் கயிற்றில் கட்டுகிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். ஏற்றத்துக்கு முந்தைய மூன்று இரவும் மது வேண்டாம். அது தூக்கத்தில் மூச்சின் வேகத்தைக் குறைக்கும், உயரத்தில் அதுவே ஆபத்து.

இனி இரவு. வியாழன் முதல் சனி வரைதான் களை கட்டும், பதினொரு மணிக்குமுன் கிளப்பில் ஆள் இருக்காது. அதற்குமுன் சகார்னகா தெரு வட்டாரத்தில் ஒரு பேன்யாவுக்கு (நாட்டுப்புற இசை நடக்கும் உணவகம்) போய்ச் சாப்பாட்டோடு சரங்கோ என்ற சிறு நரம்புக் கருவியும் கேனா என்ற குழலும் கேட்டு, மொரேனாடா ஆட்டம் பார்க்கலாம். இளவட்டமும் நல்ல பாரும் வேண்டுமென்றால் சோப்போகாச்சியில் அவரோவா சதுக்கத்தைச் சுற்றி. உள்ளூர்ச் சரக்கு திராட்சையில் காய்ச்சிய சிங்கானி. அதில் இஞ்சி சோடா கலந்தால் சுஃப்லாய், குளிரில் சூடான தேநீரோடு கலந்தால் தே கோன் தே. பாசேன்யா பியர் இந்த உயரத்தில் அதிகமாக நுரைக்கும், கிளாஸைச் சாய்த்து மெல்ல ஊற்றுங்கள். முதல் வாய்க்குமுன் சிலர் நாலு சொட்டு தரையில் விடுவார்கள், பூமித்தாய் பச்சமாமாவுக்கு. ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்ற கணக்கை மட்டும் விடாதீர்கள்.

கொக்கெய்ன் விற்கும் திருட்டு பார் பற்றி யாராவது காதில் ஓதுவார்கள். கோக்கா இலை சட்டப்படி செல்லும், கொக்கெய்ன் செல்லாது. சிக்கினால் விசாரணைக்கு முன்பே நீண்டகாலம் சிறையில் கிடக்க நேரலாம்.

நள்ளிரவில் கேபிள் கார் இருக்காது. பார்க்காரரிடம் சொல்லி, கூரையில் ஃபோன் எண் எழுதிய ரேடியோ டாக்சியை வரவழையுங்கள். தெருவில் கை காட்டி நிறுத்த வேண்டாம். போலீஸ் என்று சொல்லி யாராவது பாஸ்போர்ட் கேட்டு டாக்சியில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள், ஸ்டேஷனுக்கு நடந்தே வருகிறேன் என்று சொல்லுங்கள்.

காலையில் பசித்தால் சல்தேன்யா, சோமாசி வடிவம், உள்ளே சூடான சாறு. ஓரத்தைக் கடித்து முதலில் சாற்றை உறிஞ்சாவிட்டால் சட்டை போச்சு. சைவக்காரர்கள் ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் கேட்டால் கோழி வந்து நிற்கும். கோழியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். வேர்க்கடலைச் சூப்பிலும் பெரும்பாலும் எலும்புச் சாறு இருக்கும். நம்பிச் சாப்பிட ஊதாச் சோளத்தில் காய்ச்சும் சூடான பானமான ஆப்பி இருக்கிறது.

தேதி போடுமுன் தேர்தல் நாட்காட்டியைப் பாருங்கள். வாக்குப்பதிவுக்கு முன்பிருந்தே நாடு முழுதும் மது விற்பனைக்குத் தடை, வாக்குப்பதிவு நாளில் வண்டிகளும் ஓடாது.