பனிப்போரைச் சுவரில் தொங்கவிடுவது எப்படி?

தோட்டப் பாடசாலைச் சுவருக்கு 1945 முதல் 1991 வரை ஒரு காலக்கோடு. ஆண்டுக்கு 5 செ.மீ. என்றால் 47 ஆண்டுக்கு 235 செ.மீ. ஐந்து டிமை தாள்களை நீளவாக்கில், 2 செ.மீ. மேற்படிய ஒட்டினால் போதும். கோதுமை மா பசை வேண்டாம். நுவரெலியா, ஹற்றன் பக்கத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். கொடிக்கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பில் மாட்டுங்கள்.

கோட்டுக்கு மேலே உலகம், கீழே இலங்கை. பெர்லின் முற்றுகை (1948 ஜூன் – 1949 மே) நாலரை செ.மீ. பட்டை. உலகமே மூச்சைப் பிடித்த கியூபா ஏவுகணை நெருக்கடியின் (1962) 13 நாள் வெறும் 2 மி.மீ.! பேனாக் கீறல் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கிவிடாதீர்கள், பிள்ளைகள் பார்க்க வேண்டியதே அந்தச் சிறுமையைத்தான்.

1947–1962 நெருக்கியடிக்கும். அளவை மாற்றாமல், அட்டைகளை மூன்று தட்டாக ஏற்றுங்கள். வழக்கமான பிழை, அமெரிக்க அணியின் படைக்கூட்டான நேட்டோவையும் சோவியத் அணியின் வார்சோ ஒப்பந்தத்தையும் அருகருகே ஒட்டுவது. முன்னது 1949, பின்னது 1955. இடையே 30 செ.மீ. இருக்க வேண்டும்.

கீழே: 1951 செப்டம்பர், சான் பிரான்சிஸ்கோவில் ஜே.ஆர். ஜயவர்தன ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாம் என்றது. 1952, சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம். தூதரக உறவு 1957இல்தான். தொடக்கத்திலிருந்து 99ஆவது செ.மீ.யில், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் குடியுரிமை பற்றிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1964 அக்டோபர் 30. அந்த அட்டையில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று மூன்று எண்ணையும் எழுதுங்கள்.