தோட்ட வேலை குறைய: களை, மூடாக்கு, தண்ணீர், கவாத்து

வீட்டுத் தோட்டத்தில் வேலைக்கு முடிவே கிடையாது. ஆனால் அதில் பெரும்பகுதி, உரிய நேரத்தில் செய்யாமல் விட்டதால் பெருகிய வேலை. கையால் கிள்ளி எறியக்கூடிய ஒரு களை, பூத்து விதை உதிர்த்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். அதனால் தோட்டத்தில் இறங்கியதும் முதலில் தேட வேண்டியது பூவெடுத்த களையைத்தான். வேலி கத்தரிப்பதும் சருகு கூட்டுவதும் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

விதையால் மட்டும் பரவும் களைகள் அவ்வளவு சிரமம் தராதவை. மழை பெய்த மறுநாள் அல்லது தண்ணீர் பாய்ச்சிய பிறகு பிடுங்கினால் வேரோடு வரும். இரண்டு இலைப் பருவத்தில் இருந்தால் குனிந்து பிடுங்கவும் வேண்டாம். வெயிலுள்ள காலையில் களைக்கொத்தால் மேல்மண்ணை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டிவிட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அதற்கு மேல் ஆழமாகக் கொத்தினால், அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து வெளிச்சம் பட்டு முளைக்கும். சதைப்பற்றான தண்டுள்ள களைகளைப் பிடுங்கி அங்கேயே போடக்கூடாது. கிடக்கிற இடத்திலேயே மறுபடி வேர் பிடிக்கும்.

கோரைக்கு இந்த முறை எதுவும் எடுபடாது. மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாகப் போகும். சங்கிலியைத் துண்டித்தால் அதுவரை உறங்கிய கிழங்குகளும் முளைக்கத் தொடங்கும். கொத்திக் கொத்தியே கோரையைப் பெருக்கிவிட்ட தோட்டங்கள் ஏராளம். கடப்பாரையால் 20 செ.மீ. ஆழத்துக்கு நெம்பி, மண்ணை உதிர்த்து, கிழங்குகளைக் கையால் பொறுக்குங்கள். தப்பியவை முளைவிடும்போது, ஐந்தாறு இலை வருவதற்குள் மறுபடி எடுக்க வேண்டும். புதிய கிழங்கு கட்டவிடாமல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதைத் தொடர்ந்தால், மண்ணிலிருக்கும் கிழங்குகள் சத்து தீர்ந்து ஓயும். நிழல் கோரைக்கு ஆகாது, எனவே அடர்ந்து படரும் செடிகளை அங்கே நடுவதும் உதவும். அருகம்புல்லும் இதே குணம்தான்: ஒவ்வொரு கணுத் துண்டும் ஒரு புதுச் செடி. இந்த இரண்டையும் கம்போஸ்ட் குவியலில் போடாதீர்கள். வெயிலில் முழுவதும் சருகாகக் காயவிட்ட பிறகு வேண்டுமானால் போடலாம்.

களை எடுத்த மண்ணை வெறுமையாக விட்டால் அடுத்த களைக்கு இடம் தயார். அன்றைக்கே மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், மரச்சீவல் எதுவானாலும் 7 முதல் 10 செ.மீ. கனம் இருக்க வேண்டும். 3 செ.மீ. போட்டால் வெளிச்சம் ஊடுருவிக் களை முளைக்கும். மரத்தின் அடித்தண்டைச் சுற்றி 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். தண்டோடு குவித்தால் பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்து அழுகும். பச்சைப் புல்லை 2 செ.மீ.க்கு மேல் ஒரே தடவையில் பரப்பினால் சூடேறிக் கொழகொழத்து நாறும். மரச்சீவலை மண்ணோடு கலந்துவிடக் கூடாது, அது மட்கும்போது மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். மேலாக மட்டும் கிடந்தால் அந்தச் சிக்கல் வராது.

தண்ணீரில் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றுவது 1 மி.மீ. மழைக்குச் சமம். வாரத்துக்கு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்று தொடங்கி, செடியையும் வெயிலையும் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். மணற்பாங்கான மண்ணானால் இதை இரண்டு மூன்று தவணையாகப் பிரியுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும், ஒரு நாள் தவறினாலும் செடி வாடும். பாய்ச்சி முடித்த சில மணி நேரம் கழித்து ஒரு குழி தோண்டிப் பாருங்கள்: 15 செ.மீ. ஆழத்தில் ஈரம் இல்லையென்றால் போதவில்லை. மதிய வெயிலில் தொங்கும் இலை மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலையிலேயே வாடி நிற்கும்போது மண் காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகலைச் சந்தேகிக்க வேண்டும், அப்போது தண்ணீரை நிறுத்துவதே சிகிச்சை.

புல்தரையை ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். 6 செ.மீ. உயரம் வேண்டுமானால் 9 செ.மீ. ஆனதும் வெட்ட வேண்டும். வெட்டிய மறுநாள் நுனிகள் பழுப்பாகப் பிசிறி நின்றால் பிளேடு மழுங்கியிருக்கிறது.

கவாத்தில் அதிகம் நடக்கும் சேதம், கனத்த கிளையை ஒரே வெட்டில் அறுப்பதால் வருவது. பாதி அறுக்கும்போதே கிளை தன் கனத்தில் சாய்ந்து, அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு விழும். முதலில் அடிமரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைத் தள்ளுங்கள். மிஞ்சிய கட்டையை, கிளை மரத்தோடு சேருமிடத்தில் தெரியும் புடைப்புக்கு வெளியே ஒட்டினாற்போல் எடுங்கள். அந்தப் புடைப்பிலிருந்துதான் காயம் மூடும், அதை வெட்டிவிட்டால் ஆறுவது கடினம். வெட்டுவாயில் பெயின்ட் பூசத் தேவையில்லை.

உயிர்வேலியை அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் கத்தரியுங்கள். மேல்பாகம் அகன்றால் கீழே வெளிச்சம் விழாமல் அடிக்கிளைகள் மொட்டையாகும். நோய்பட்ட செடியைத் தொட்ட கத்தரியை அடுத்த செடிக்குப் போகுமுன் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மண்ணும் பிசினும் ஒட்டியிருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் துடைத்தால்தான் பலன் கிடைக்கும்.