வீட்டு நாய்க்கு கேன்சர்னு தெரிஞ்சா என்ன பண்றது, செலவை எப்படி சமாளிக்கிறது

எங்க ஜூலிக்கு உண்ணி எடுத்துக்கிட்டு இருக்கும்போதுதான் பின்கால் பக்கத்து காம்புக்கு அடியில கொண்டக்கடலை அளவுக்கு ஒரு கட்டி என் கையில தட்டுப்பட்டுச்சு. அவளுக்கு அப்போ 9 வயசு, கருத்தடை ஆபரேஷன் பண்ணாத பொட்டை. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம், கொழுப்புக்கட்டின்னு சொல்லி ஊசி போட்டு ஒரு ஆயின்மென்ட் குடுத்து அனுப்பிட்டாங்க, நாங்களும் மாங்கா சீசன் வேலையில அப்படியே விட்டுட்டோம், நாலு மாசத்துல அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துடுச்சு. அந்த நாலு மாசத்தை நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது. அதனாலதான் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நாய் வளர்க்கிறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதுறேன்.

டாக்டர் "கேன்சர் மாதிரி இருக்குது"ன்னு சொன்ன உடனே நகையை அடகு வைக்க ஓடாதீங்க, "சரி விடு, நாய்தானே"ன்னு கையையும் விட்டுடாதீங்க. மொதல்ல அது என்ன கேன்சர்னு பேரைத் தெரிஞ்சுக்கோங்க. செலவு மொத்தமும் அந்தப் பேருலதான் இருக்குது.

உதாரணத்துக்கு, தெருவுல சுத்துற நாய்ங்களுக்கும் அதுங்க கூட சேர்ற வீட்டு நாய்ங்களுக்கும் உறுப்புல காலிஃப்ளவர் மாதிரி சதை வளர்ந்து ரத்தம் சொட்டும், டிவிடின்னு சொல்லுவாங்க, சேர்க்கையில ஒட்டிக்கிற கட்டி அது. பார்க்க பயமா இருக்கும், ஆனா வின்கிரிஸ்டின்னு ஒரு ஊசி வாரம் ஒண்ணுன்னு நாலஞ்சு ஆறு வாரம் போட்டா பெரும்பாலும் முழுசா சரியாயிடும். மனுஷங்களுக்குப் போடுற மருந்துதான், விலையும் பெருசா இல்ல. இதுக்குப் போய் நாயைக் கருணைக்கொலை பண்ணச் சொன்னவங்களை எனக்குத் தெரியும், மனசே ஆறல.

ஜூலிக்கு வந்தது மார்க்கட்டி. பொட்டை நாய்ல இந்தக் கட்டி வந்தா ஏறக்குறைய பாதிதான் கேன்சர், மீதி சாதாரணக் கட்டி. 3 சென்டிமீட்டருக்குள்ள இருக்கும்போதே எடுத்துட்டா நல்லா இருக்கிற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. இதுக்கு முக்கியமான வைத்தியமே ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் கீமோ, அதாவது கேன்சர் மருந்து போட்டா எவ்வளவு பிரயோஜனம்னு பெருசா உறுதி இல்ல, அதனால யாராவது கீமோ பேக்கேஜ்னு ஒரு தொகை சொன்னா எதுக்குன்னு நின்னு கேளுங்க. அதே மாதிரி தாடைக்கு கீழயும் முட்டிக்கு பின்னாடியும் நெறிகட்டினா லிம்போமாவா, அதாவது நெறியில வர்ற கேன்சரா இருக்கலாம். அது முழுசா குணமாகுறது அபூர்வம், ஆனா நாலு மருந்து மாத்தி மாத்திப் போடுற கீமோவுல நெறைய நாய் ஒரு வருஷம் போல நல்லா ஓடி ஆடி இருக்குது, ஒண்ணுமே பண்ணலன்னா ஒண்ணு ரெண்டு மாசம்தான்.

இங்க ரெண்டு விஷயம் கண்டிப்பா ஞாபகம் வெச்சுக்கோங்க. நம்ம ஊர்ல உண்ணிக்காய்ச்சல் ஜாஸ்தி, அதுலயும் நெறிகட்டும், மூக்குல ரத்தம் வரும், எடை குறையும், அதனால லிம்போமான்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி அந்த ரத்த டெஸ்டையும் எடுத்துடணும். இன்னொண்ணு ஸ்டீராய்டு. டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி பிரெட்னிசலோன் குடுத்துட்டா நெறி வத்திடும், ரிப்போர்ட்ல நோய் சரியா தெரியாது, பின்னாடி கீமோவும் சரியா கேக்காது. "சார், இதுல ஸ்டீராய்டு இருக்குதா, ஊசி டெஸ்ட் எடுத்துட்டு போட்டுக்கலாமா"ன்னு தைரியமா கேளுங்க. எங்களுக்கு அன்னைக்கு அப்படிக் கேக்கத் தெரியல.

டெஸ்ட்ல மொதல்ல ஊசி வெச்சு கட்டியில இருந்து கொஞ்சம் உறிஞ்சி கண்ணாடியில தேய்ச்சுப் பாக்கறது, எஃப்என்ஏசின்னு சொல்லுவாங்க, மயக்கம் குடுக்க வேண்டாம், செலவும் கம்மி. அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே, ரெண்டு பக்கம் படுக்க வெச்சும் மல்லாத்தியும் மூணு படம் எடுக்கணும், நுரையீரலுக்குப் பரவியிருந்தா பெரிய ஆபரேஷன் பண்றதா வேண்டாமான்னு முடிவே மாறிடும். காசு மிச்சம் பண்றேன்னு எக்ஸ்ரேயை விட்டுட்டு ஆபரேஷனுக்குக் கட்டறது நஷ்டம். எடுத்த கட்டியைக் குப்பையில போட விடாதீங்க, ஃபார்மலின் டப்பாவுல போட்டு பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்க, என்ன கட்டி, முழுசா வந்துச்சா இல்ல ஓரத்துல மிச்சம் இருக்கான்னு அதுலதான் தெரியும்.

எங்க போறதுன்னு பாத்தா, ஓசூர், கிருஷ்ணகிரி ஆளுங்களுக்கு பெங்களூர் பக்கம், அங்க ஹெப்பால்ல கால்நடை கல்லூரி இருக்குது. தர்மபுரி, அரூர் பக்கத்துக்காரங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. பெரிய கேஸுன்னா சென்னை வேப்பேரி, 1903ல ஆரம்பிச்ச காலேஜ் அது. கல்லூரி ஆஸ்பத்திரிங்கள்ல தனியாரை விட செலவு குறைவு, ஆனா காலையிலயே போய் காத்துக்கிட்டு நிக்கணும், கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி அந்த டாக்டர் இருக்காரா, மருந்து இருக்குதா இல்ல நாம வாங்கிட்டு வரணுமான்னு கேட்டுக்கோங்க. கிருஷ்ணகிரியில ரயிலே கிடையாது, அதனால வண்டிச் செலவைக் கணக்குல சேக்காம எந்த முடிவும் எடுக்காதீங்க.

எங்க கணக்கைச் சொல்றேன், உங்களுக்கு மாறும். ஊசி டெஸ்ட் 700, ரத்தம் 1,200, எக்ஸ்ரே 1,500, பெங்களூர்ல தனியார்ல ஆபரேஷன் 14,000, பயாப்சி 2,000, மருந்து 2,600. மூணு தடவை டாக்ஸி மட்டும் 11,400. ஆக 33,400 ரூபாய், அதுல மூணுல ஒரு பங்கு ரோட்டுக்கே போச்சு. தையல் பிரிக்கறதை இங்கயே அரசு கால்நடை மருத்துவமனையில பண்ணிருக்கலாம், எக்ஸ்ரேயை ஓசூர்லயே எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கலாம், அப்புறம்தான் புரிஞ்சுது.

டாக்டர்கிட்ட வாய்விட்டே சொல்லிடுங்க, "மேடம், எங்களால இவ்வளவுதான் முடியும், இதுக்குள்ள இவளுக்கு என்ன நல்லது பண்ணலாம்". வெக்கமே வேண்டாம். முழு செலவு எவ்வளவு, ஒரு தடவைக்கு எவ்வளவு, ஒண்ணும் பண்ணலன்னா எத்தனை நாள், வலி தெரியாம வெச்சுக்க மட்டும் என்ன ஆகும், இந்த நாலையும் பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. மருந்துச்சீட்டுல மருந்தோட அசல் பேரை எழுதச் சொன்னா மனுஷங்க மெடிக்கல்லயே விலை கம்மியா நெறைய கிடைக்கும். இன்சூரன்ஸ் நோய் வந்ததுக்கு அப்புறம் எடுத்தா அந்த நோய்க்குக் காசு வராது. வட்டிக்கு வாங்காதீங்க. பத்து வட்டிக்கு வாங்கிட்டு வீட்ல சண்டை வந்தா அந்தக் கோவம் கடைசியில நாய் மேலதான் திரும்பும்.

கீமோ போடறதா இருந்தா மனுஷங்களுக்கு வர்ற அளவுக்கு அவஸ்தை பொதுவா நாய்க்கு வராது, பெரும்பாலான நாய்ங்களுக்கு முடி மொத்தமா கொட்டாது. ஆனா போட்ட ஏழாம் நாள் பக்கம் வெள்ளை அணு இறங்கும், அப்போ சோறு திங்காம சுருண்டு படுத்து உடம்பு சுட்டா அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடணும். மொத ரெண்டு மூணு நாள் ஒண்ணுக்கு, மலத்தை கையுறை போட்டுத்தான் அள்ளணும், கர்ப்பிணிங்க கிட்டயே வரக்கூடாது.

வலிக்குதுன்னு வீட்ல இருக்கிற பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் குடுக்காதீங்க, நாயோட ஈரல், கிட்னி, குடலுக்கு அது விஷம். பூண்டு கேன்சரைக் கரைக்கும்னு எங்க பெரியம்மா பாவம் பாசத்துலதான் அரைச்சுக் கொண்டாந்தாங்க, ஆனா வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தத்தை முறிச்சுடும்னு சொல்லிப் புரிய வெச்சேன்.

ஜூலி ஆபரேஷனுக்கு அப்புறம் 14 மாசம் இருந்தா. மூணு மாசத்துக்கு ஒருக்கா எக்ஸ்ரே எடுத்தோம், கடைசி படத்துல நுரையீரல்ல வெள்ளை வெள்ளையா புள்ளி. அதுக்கப்புறம் காலண்டர்ல தினமும் ஒரு குறி போட்டேன், சாப்பிட்டாளா, தானா எழுந்தாளா, நான் வண்டியை நிறுத்தினா வால் ஆட்டினாளா, மூணும் இருந்தா டிக், இல்லன்னா வட்டம். ஒரு வாரத்துல டிக்கை விட வட்டம் ஜாஸ்தியான அன்னைக்கு டாக்டரை வீட்டுக்கே வரச் சொன்னோம். மொதல்ல மயக்க ஊசி, அவ நல்லா தூங்கினதுக்கு அப்புறம் அடுத்தது, தலை என் மடியிலதான் இருந்துச்சு. இதை முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி வெச்சுக்கோங்க, மூச்சுத் திணறி ராத்திரி ரெண்டு மணிக்கு அவசரத்துல ஆளைத் தேடற நெலமை வரக்கூடாது.

குழியை நாலடிக்கு வெட்டி மேல கல்லு வெச்சு மூடினோம், வேற நாய்ங்க தோண்டாம இருக்க. பிரிக்காத மாத்திரை ரெண்டு அட்டை மிச்சம் இருந்துச்சு. அதை டாக்டர்கிட்டயே குடுத்துட்டேன், காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு ஆயா கூட்டிட்டு வர்ற நாட்டு நாய்க்கும் அதே மருந்துதானாம்.