குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுக்காரர் செய்யும் தவறுகள்

எங்கள் தெருவில் அண்மையில் பணி ஓய்வு பெற்ற ஒருவர், கைக்கு வந்த பணத்தில் மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட போர்ஷன் ஒன்றைக் கட்டி முடித்து, சென்ற மாதம் வாசலில் டு-லெட் பலகையைத் தொங்கவிட்டார். நான்கு நாட்களுக்குள் ஏழு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. அந்த ஏழு பேரின் பெயர்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேராக அந்தக் குடும்பம் தரச் சம்மதித்த அட்வான்ஸ் தொகையைக் குறித்து வைத்திருந்தார். சென்னை ஆதம்பாக்கத்தில் பதினான்கு ஆண்டுகளாக மாடி வீட்டை வாடகைக்கு விட்டுவரும் எனக்கு, அது என்னுடைய பழைய நோட்டுப் புத்தகத்தைப் போலவே இருந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்தப் பட்டியல்தான்.

ஆதார் நகல் வாங்குங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள் என்பனவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே வீட்டை நான்கைந்து பேர் கேட்டு நிற்கும்போது, அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிகழும் பிழைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காலி வீட்டின் கணக்கைப் போடாமல் காத்திருப்பது

பதினாறாயிரம் ரூபாய்க்கு இன்றே வரத் தயாராக ஒரு நல்ல குடும்பம் இருக்கும்போது, பதினேழாயிரம் தருபவர் வருவார் என்று இரண்டு மாதம் காத்திருப்பவர் 32,000 ரூபாயை இழக்கிறார். மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட 32 மாதங்கள் ஆகும். அதற்குள் வந்தவரே காலி செய்துவிட்டுப் போயிருக்கக் கூடும். காத்திருப்பு ஆடியிலோ மார்கழியிலோ போய் விழுந்தால் கணக்கு இன்னும் மோசமாகும், ஏனெனில் அந்த மாதங்களில் வீடு பார்க்க வருபவர்கள்கூட, பால் காய்ச்சுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

இப்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் விசாரிப்பது

விசாரிப்பதே அரிது, விசாரிப்பவரும் தவறான ஆளிடம் விசாரிக்கிறார். விண்ணப்பிப்பவர் தற்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு அவரை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தால், அவர் உங்களிடம் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டின் உரிமையாளருக்கு அந்த அவசரம் இல்லை. அவருடைய எண்ணைக் கேட்டு வாங்கி, வாடகை எந்தத் தேதியில் வந்தது, காலி செய்தபோது வீடு எப்படி இருந்தது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். பதிலைக் காட்டிலும், பதிலுக்கு முன்னால் அவர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியே எனக்குப் பல முறை அதிகமாகச் சொல்லியிருக்கிறது.

அட்வான்ஸின் கனத்தை வைத்து ஆளை எடைபோடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2022 ஆவணியில் என் மாடி வீடு காலியானபோது, இறுதியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒன்று, ஓர் இளம் தம்பதி. மனைவி ஒரு மருத்துவமனையில் செவிலியர்; கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். மூன்று மாத வாடகையான 48,000 ரூபாயை அட்வான்ஸாகத் தர முடியும் என்றார்கள். வீட்டைப் பார்க்க வந்த அன்று அவர்கள் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார்கள், கழிப்பறையில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், மெட்ரோ வாட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சம்ப்பை யார் சுத்தம் செய்கிறார்கள், மின் மீட்டர் தனியா, இரவுப் பணி முடிந்து பதினோரு மணிக்கு வந்தால் கேட் பூட்டியிருக்குமா என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். இப்போதே இத்தனை கேள்வி கேட்பவர்கள் குடிவந்த பிறகு நம்மை நிம்மதியாக இருக்க விடுவார்களா என்று எண்ணினேன்.

மற்றவர் தனியாக வந்தார், ஐந்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்து மாத அட்வான்ஸ், அதாவது 1,60,000 ரூபாய், மறுநாள் காலையிலேயே ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாக வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு என் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. செவிலியரின் கணவருக்கு அன்று மாலையே தொலைபேசியில், வீடு முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

நான்கு மாதங்கள் வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்தது. தை மாதத்தில் வரவில்லை. கேட்டபோது, “தொழில் கொஞ்சம் டல்லா இருக்கு சார், இந்த மாசம் மட்டும் அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க” என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். தொழில் என்ன என்பது பின்னர்தான் எனக்குத் தெளிவாயிற்று: என் வீட்டுச் சமையலறையிலேயே உணவு தயாரித்து, டெலிவரி செயலிகள் வழியாக விற்றுக்கொண்டிருந்தார். இரவு பன்னிரண்டு மணி வரை பைக்குகள் வருவதும் போவதுமாக இருந்தன.

இரண்டு மாத வாடகை நிலுவையை, நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் நான் ஆலோசனை கேட்ட வழக்கறிஞர் சிரித்துவிட்டு, பத்து மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாத நிலுவைக்காக வழக்குப் போட்டால், அந்த அட்வான்ஸ் எங்கே என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் என்றார். நியாயமான கேள்விதான். அந்த அட்வான்ஸ் கல்லூரிக் கட்டண ரசீதாகவும் மாடிக்கு அடித்த பெயிண்டாகவும் மாறியிருந்தது. அன்றைய தேதியில் அவர் எனக்குத் தர வேண்டியது 32,000. அதைக் கழித்த பிறகும் நான் அவருக்குத் திருப்பித் தர வேண்டியதோ 1,28,000. அவரை வெளியே போகச் சொல்லும் தைரியம் எனக்கு வர வேண்டுமானால் முதலில் நகையை அடகு வைக்க வேண்டும். வீடு என்னுடையது, சாவி என்னிடம் இன்னொன்று இருக்கிறது, ஆனாலும் கடன்காரன் நான்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

தண்ணீரை நிறுத்தினால் தானாக ஓடிவிடுவார் என்று ஓர் உறவினர் யோசனை சொன்னார். குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பது அதே சட்டப்படி கூடாது; அது என் தலையில்தான் விடிந்திருக்கும். ஆகவே காத்திருந்தேன். இதற்கிடையில், வீட்டு உபயோகத்துக்கான இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாக மின் ஆய்வில் கண்டறியப்பட்டது. இணைப்பு என் பெயரில் இருந்ததால் நோட்டீஸும் என் பெயருக்கே வந்தது. இத்தகைய பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தை இருமடங்காகக் கணக்கிடுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் உள்ள விதி. பத்தொன்பதாயிரம் ரூபாய் சொச்சம் கட்டினேன்.

2023 ஆகஸ்ட் இறுதியில் அவர் போனபோது எட்டு மாத வாடகை அட்வான்ஸில் கழிந்திருந்தது; மிச்சம் 32,000. மின்கட்டண அபராதமும், எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்த சமையலறையின் டைல்ஸை மாற்றிய செலவும் சேர்ந்து 46,000-ஐத் தொட்டன. பழுது பார்த்து முடிப்பதற்குள் புரட்டாசியும் ஐப்பசியும் கழிந்தன. அந்த இரண்டு மாத வாடகையும் போயிற்று.

என் மைத்துனர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஆனா மாமா, பன்னிரண்டு மாச வாடகையும் உங்களுக்கு வந்துடுச்சே” என்றார். கணக்கில் அது சரி. பெரிய அட்வான்ஸின் வலையே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அட்வான்ஸ் என்பது வீட்டுக்கு நேரும் சேதத்துக்கான பிணை. அது வாடகையாகக் கரைந்து முடியும் வேளையில்தான் சேதமும் தெரியவரும். மூன்று மாத அட்வான்ஸ் மட்டும் வாங்கியிருந்தால், இரண்டாவது மாதம் வாடகை வராதபோதே நான் விழித்திருப்பேன். திருப்பித் தர வேண்டிய தொகையும் என் சக்திக்குள் இருந்திருக்கும். பத்து மாத அட்வான்ஸ் எனக்கு அளித்தது எட்டு மாதத் தூக்கம்.

ஒப்பந்தத்தில் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதே மேற்சொன்ன சட்டத்தின் நிலை. சென்னையில் வீட்டுக்காரர்கள் பலர் இதைக் குடித்தனக்காரருக்குக் காட்டிய சலுகை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அடகுக் கடை வாசல் வரை போய்வந்தவன் என்ற முறையில், அது வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன். இப்போது வாங்கும் மூன்று மாதத் தொகையையும் வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிடுகிறேன்.

ஆளை எடைபோட நான் இப்போது கேட்பது வேறொன்று: கடந்த ஆறு மாதங்களில் பழைய வீட்டுக்கு அவர்கள் அனுப்பிய வாடகைப் பரிமாற்றங்களைத் தங்கள் கைப்பேசியிலேயே காட்டச் சொல்கிறேன். ஆறும் ஏறக்குறைய ஒரே தேதியில் போயிருந்தால் எனக்கு அது போதும். குழாயைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இப்போது முன்னுரிமை தருகிறேன். நெடுநாள் இருக்க நினைப்பவர்தான் தண்ணீர் வருமா என்று கவலைப்படுவார். அந்தச் செவிலியர் குடும்பம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அன்று முதல் இன்று வரை குடியிருக்கிறது. காய்கறிக் கடையில் அந்தக் கணவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மரியாதையாக வணக்கம் சொல்கிறார். எனக்குத்தான் வெண்டைக்காயின் மேல் கவனம் போய்விடுகிறது.

சாதியையும் சாப்பாட்டையும் நற்சான்றிதழாகக் கொள்வது

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும், குடும்பத்தினருக்கு மட்டும், தனியாக இருக்கும் பெண்களுக்கு இல்லை என்று பலகையிலேயே எழுதிவிடுபவர்களையும், எழுதாமல் பெயரைக் கேட்டு முடிவு செய்பவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அநியாயம் என்பது ஒருபுறம் இருக்க, இதனால் வீட்டுக்காரருக்கு ஆகும் பயனும் ஒன்றுமில்லை. மேலே சொன்ன மனிதர் எங்கள் ஊர்ப்பக்கத்தவர், எங்கள் சமூகத்தவர், திருமணமானவர். அவருக்குப் பின் வந்த இரண்டு மென்பொருள் துறை இளைஞர்கள், பேச்சுலர் என்று நான்கு வீடுகளில் கதவடைக்கப்பட்டவர்கள், இரண்டு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வாடகை தவறவில்லை. காலி செய்யும்போது ஆணி அடித்த ஓட்டைகளையும் அடைத்துவிட்டுப் போனார்கள். விண்ணப்பங்களை இந்த வகையில் வடிகட்டும்போது, உண்மையில் விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டோம் என்ற பொய்யான நிம்மதி வந்துவிடுகிறது.

உறவினரின் சிபாரிசை ஏற்பது

வாடகையைக் கேட்கவும் முடியாது, உறவைத் தொடரவும் முடியாது.

சம்பளச் சீட்டைப் பார்த்து மயங்குவது

சீட்டில் இருப்பது வருகிற பணம். வீடு, கார், தனிநபர் கடன் என்று மாதாமாதம் தவணையாகப் போகிற பணம் அதில் தெரியாது. எண்பதாயிரம் வாங்கி ஐம்பதாயிரத்தைத் தவணைக்குக் கட்டுபவரைவிட, நாற்பதாயிரம் வாங்கிக் கடனின்றி இருப்பவருக்கு வாடகை தருவது எளிது.

பான் எண் தர மறுப்பது

ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்து, பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கோரும் சம்பளக்காரர், உரிமையாளரின் பான் எண்ணைத் தம் நிறுவனத்திடம் தர வேண்டும். வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட விரும்பாத வீட்டுக்காரர் இதைத் தர மறுக்கும்போது, நிலையான சம்பளம் உள்ளவர்கள் மெல்ல விலகிப் போய்விடுகிறார்கள். எஞ்சுபவர்களில் இருந்துதான் அவர் பிறகு நல்ல ஆளைத் தேடுகிறார்.

இருவரிடம் டோக்கன் (வீட்டை உறுதிசெய்யத் தரும் சிறு முன்பணம்) வாங்குவது

செய்யாதீர்கள்.

வீட்டைப் பார்க்க ஒருவர் மட்டும் வந்தால் போதும் என்று விடுவது

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் ஒருவர், நாள் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் வேறு சிலர் என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களின் நிலை. மொத்தம் எத்தனை பேர், எத்தனை இருசக்கர வண்டிகள், ஊரிலிருந்து அடிக்கடி வந்து தங்குபவர்கள் யார் என்பதை முன்கூட்டியே கேட்பதில் தவறேதும் இல்லை. சென்னையில் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் மூளும் சண்டைகளில் முக்கால்வாசி வண்டி நிறுத்துமிடத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும்தான் தொடங்குகின்றன. குடிவரப்போகும் அனைவரும் ஒருமுறையேனும் வந்து வீட்டைப் பார்த்த பிறகே நான் டோக்கன் வாங்குகிறேன். சென்ற ஆண்டு ஒருவர் எல்லாவற்றையும் பேசி முடித்து, பால் காய்ச்ச நாளும் குறித்துவிட்டு, என் வற்புறுத்தலின் பேரில் தம் தாயாரை அழைத்துவந்தார். அந்த அம்மா மாடிப்படியில் நான்காவது படியில் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது நமக்கு ஆகாதுப்பா” என்று சொல்லித் திரும்பி இறங்கிவிட்டார். மகனுக்கு என்மேல் சற்று வருத்தம்தான்.