வீடியோ தேடும்போது பாடப்புத்தகச் சொல்லைப் போடுங்கள்

பிள்ளைக்கு யூடியூபில் பாட வீடியோ தேடும்போது 'எட்டாம் வகுப்பு அறிவியல்' என்று போடாதீர்கள். 'தரம் 8 விஞ்ஞானம்' என்று போட்டு, பாடப்புத்தகத்தில் உள்ள அலகின் பெயரையும் அப்படியே சேருங்கள். நம் இலங்கைப் பாடத்திட்டத்துச் சேனல்கள் மேலே வர வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் அருமையாகத்தான் விளக்குகிறார்கள். ஆனால் அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். அங்கே இயற்கணிதம், இங்கே அட்சரகணிதம். கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைத் தாளில் பார்க்கப்போவது நம் சொல்லைத்தான். புதிய சேனல் என்றால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் ஐந்து நிமிடத்தை நீங்களே பாருங்கள். (புத்தகம் கையில் இல்லையா? கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம்.)

ஆங்கில மொழிமூலப் பிள்ளைகளுக்கு இது சரிவராது. சித்திரம், ஸ்போக்கன் இங்கிலிஷ் போன்றவற்றுக்குத் தேவையும் இல்லை.