ஜெர்மனியில் தொலைதூரப் பயண சைக்கிள் வாங்கும்போது

ஜெர்மனியில் நல்ல சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. ஐந்தரை அடிக்கு உட்பட்டவருக்குப் பொருந்தும் நல்ல சைக்கிளுக்குத்தான் பஞ்சம். கடைகளில் முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களின் கால் நீளத்துக்கானவை. தள்ளுபடியைப் பார்த்து 57 (செ.மீ.) அளவு ஃப்ரேமை வாங்கிவிட்டால் சீட்டை அடிவரை இறக்கினாலும் பயனில்லை. ஃப்ரேமைப் பின்னால் மாற்ற முடியாது. மற்றதெல்லாம் மாற்றலாம்.

ஆகவே அளவெடுப்பதில் தொடங்குங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, தடிமனான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலேவரை இறுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இந்த உள்கால் நீளத்தை 0.66-ஆல் பெருக்கினால் ஃப்ரேம் அளவு கிடைக்கும். 76 செ.மீ. என்றால் சுமார் 50. அதே 76-ஐ 0.885-ஆல் பெருக்கினால் 67 செ.மீ. வரும். பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் அது. ஒவ்வொரு கம்பெனியும் ஃப்ரேமை ஒவ்வொரு விதமாக அளப்பதால் இதை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். குறுக்குக் கம்பியின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது கம்பிக்கும் உடம்புக்கும் இடையே குறைந்தது 2 செ.மீ. இடைவெளி வேண்டும்.

சின்ன ஃப்ரேமில் இன்னொரு சோதனையும் உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பெடலைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஹேண்டில்பாரை முன்னால் இருக்கும் காலுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஷூ நுனி மட்கார்டில் இடித்தால், மெதுவாக ஏறும் கொண்டை ஊசி வளைவில் நீங்கள் விழப்போவது உறுதி. 50 அளவு ஃப்ரேமில் 28 அங்குலச் சக்கரம் போட்டால் அடிக்கடி இப்படி ஆகும். 26 அங்குலச் சக்கரத்தில் இந்தத் தொல்லை குறைவு. புது சைக்கிள்களில் அந்த அளவு அரிதாகிவிட்டது, பழையவற்றில் இன்னும் கிடைக்கிறது.

கடையில் 'ட்ரெக்கிங்ராட்' என்று கேட்டால் ஸ்பிரிங் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் ஸ்பிரிங்) வைத்த, ஊருக்குள் ஓட்டும் வண்டியைக் காட்டுவார்கள். சுமையோடு நாள்கணக்கில் போக வேண்டுமென்றால் 'ரைசெராட்' என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் தெரியும். அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்: ஆள் 75, சைக்கிள் 17, பைகள் 25, தண்ணீரும் சாப்பாடும் 5, ஆக 122 கிலோ. 120 கிலோ வரம்புள்ள வண்டி இங்கேயே தோற்றுவிடும், 140 இருந்தால் நிம்மதி. ஸ்பிரிங் ஃபோர்க்கைத் தவிர்ப்பது நல்லது. மலிவானவை கனம் அதிகம், தேயவும் செய்யும், பலவற்றில் முன்கேரியர் மாட்ட இடமே இருக்காது. ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கோடு 40 முதல் 47 மி.மீ. அகல டயர் போட்டால் அதிர்வைப் பெருமளவு டயரே வாங்கிக்கொள்ளும்.

பணத்தைக் கொட்ட வேண்டிய அடுத்த இடம் பின்சக்கரம். உங்கள் எடையில் பெரும்பங்கும் பைகளும் அதன்மேல்தான். 36 கம்பிகள் (ஸ்போக்) இருக்கட்டும். மெஷினில் கோத்த சக்கரங்களில் கம்பிகளின் இறுக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, கடைசியில் சக்கர நடுவில் அது வளையும் கழுத்தில் ஒடிகிறது. டெலிவரிக்கு முன் சக்கரத்தைக் கையால் இறுக்கிப் பெண்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள், நல்ல பட்டறை மறுக்காது. வலப்பக்கக் கம்பி ஒடிந்தால் பற்சக்கரத் தொகுதியைக் கழற்றாமல் புதுக் கம்பி நுழையாது. எனவே சரியான நீளத்தில் மூன்று கம்பிகளையும் அதைக் கழற்றும் கருவியையும் அன்றே வாங்கிவிடுங்கள். கேரியர் ட்யூபுஸ் கம்பெனியுடையதைப் போன்ற ஸ்டீல் கேரியராக இருந்தால் நல்லது. அவர்களின் 'கார்கோ' 40 கிலோ தாங்கும், உடைந்தாலும் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிவிடலாம்.

கியரில் எத்தனை எண்ணிக்கை என்பதைவிட மிகச் சின்ன கியர் எவ்வளவு சின்னது என்பதே கேள்வி. முன்னால் 26 பல், பின்னால் 36 பல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 1.6 மீட்டர் நகரும், ஆல்ப்ஸ் ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். இப்போது எல்லோரும் வாங்கும் கிராவல் சைக்கிள்கள் (சரளைச் சாலைக்கான ரேஸ் வகை) சிலவற்றில் மிகச் சின்ன கியரே 34-க்கு 34. அதில் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர், 25 கிலோ சுமையோடு முழங்கால் பேசும். ரோலோஃப் என்ற 14 கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடு உருளைக்குள்ளேயே கியர்கள் அடங்கியது) அருமையானது. 5000 கி.மீ.க்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கொருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். ஆனால் அது விலையை ஆயிரம் யூரோவுக்கு மேல் ஏற்றிவிடும். ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணம் போகிறவருக்கு ஷிமானோவின் டியோர் செயின் கியரே போதும் என்பது எங்கள் கணக்கு.

சாலை விதிப்படி முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, ரிஃப்ளெக்டர்கள், தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக்குகள், பெல் எல்லாம் கட்டாயம். 2013-க்குப் பிறகு பேட்டரி விளக்கும் செல்லும். ஆனாலும் ஹப் டைனமோ உள்ள வண்டியையே எடுங்கள், சார்ஜ் பற்றிய கவலையே இல்லை. பிரேக்கில் ஒரு பழக்கப் பிசகு காத்திருக்கிறது. ஜெர்மனியில் முன்பிரேக் பெரும்பாலும் இடக்கையில் இருக்கும். நம் ஊரில் வலக்கையில் பழகியவர் அவசரத்தில் தவறானதை அழுத்திவிடுவார். கேபிள் பிரேக் என்றால் மாற்றிப் பூட்டுவது சின்ன வேலை. ஹைட்ராலிக் என்றால் கடையிலேயே மாற்றி வாங்குங்கள்.

புதிதாக வாங்குவதானால் செப்டம்பருக்குப் பிறகு போங்கள், அந்த ஆண்டு மாடல்களை அப்போதுதான் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கடைக்காரரின் சட்டப் பொறுப்பு 2 ஆண்டு. முதல் 12 மாதத்தில் பழுது தெரிந்தால், விற்றபோது அது இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பலாம். ஆனால் உங்களுக்கென்றே பாகங்களைத் தேர்ந்து கட்டிய சைக்கிளுக்கு அந்த உரிமை கிடைக்காமல் போகலாம், பயண சைக்கிள்களில் பல இந்த வகை. ஆபீஸ் வழியாக வரும் லீசிங் வழக்கமாக 36 மாதம். விசாவும் வேலையும் எப்போது மாறும் என்று தெரியாதவர் அதில் கையெழுத்திடும் முன், இடையில் வெளியேறினால் மீதித் தவணையை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

பழைய சைக்கிளுக்கு 'க்ளைன்அன்ட்ஸைகன்' தளத்தில்தான் எல்லோரும் தேடுகிறார்கள். நேரில் போகும்போது ஒரு ஸ்கேலும் ஆலன் சாவியும் கொண்டுபோங்கள். முதல் வேலையாக சீட் கம்பியைத் தளர்த்தி அசைத்துப் பாருங்கள். ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினியக் கம்பி துருவோடு இறுகிப்போயிருந்தால் எடுப்பது பெரும்பாடு, அந்த வண்டியே வேண்டாம். ஹேண்டில்பாருக்குக் கீழே, சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் எங்கோ மோதிய வண்டி. செயினில் 12 முழுக் கண்ணிகள் 304.8 மி.மீ. இருக்க வேண்டும். 307 தாண்டியிருந்தால் செயினோடு பற்சக்கரமும் போயிருக்கும், விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ரிம் பிரேக் வண்டியில் ரிம்மின் பக்கவாட்டில் ஸ்கேலை வையுங்கள். நடுவில் குழி தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்து பேரிங்கின் ஆட்டம் தெரியும். ரோலோஃப் வண்டியில் 7-ஆவது கியர் சத்தம் போடும், அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

கடை ரசீது கேளுங்கள், ஃப்ரேம் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். ஜெர்மன் சட்டப்படி திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கினாலும் அது உங்களுடையதாகாது. உரிமையாளர் வந்தால் சைக்கிளும் போகும், பணமும் போகும். ரசீது இல்லாதவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். ரசீதோடு, விற்பனை ஒப்பந்தமாகப் பெயர், முகவரி, ஃப்ரேம் எண், விலை, தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். வேறு ஊரில் வாங்கி ரயிலில் கொண்டுவருவதானால், தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும்.

முதல் 300 கி.மீ. ஓடிய பிறகு கம்பிகள் கொஞ்சம் தளரும். சக்கரத்தை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். கேரியர் போல்ட்டுகளை 4 மி.மீ. ஆலன் சாவியால் வாரம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கழன்று விழும் போல்ட் பயணத்தில் அடிக்கடி வரும் கோளாறு, பையில் நான்கு கூடுதலாகக் கிடக்கட்டும்.

ஊர் திரும்பும்போது கொண்டுவருவதாக இருந்தால், விமானப் பெட்டியில் அடைக்க பெடலைக் கழற்ற வேண்டும். இடப்பெடலின் மரை தலைகீழ். 15 மி.மீ. ஸ்பேனரைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் வரும். இரண்டு டயரும் ஒரு டியூப் தொகுதியும் கூடவே வையுங்கள். ஜெர்மனியின் 28 அங்குல ரிம் 622 மி.மீ., நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிளின் 28 அங்குல ரிம் 635. பெயர் ஒன்றுதான், டயர் ஏறாது.