எச்.ஐ.வி.யும் இதயக் குழாயும்: மாத்திரை போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்ற ரிசல்ட்டும் வந்துவிட்டால் பெரிய நிம்மதிதான். ஆனால் இனி வேறு எதையும் பார்க்கவேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அதிகம்.

காரணம் குடலில் தொடங்குகிறது. தொற்றிய சில வாரங்களிலேயே குடல் சுவரில் உள்ள சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களை வைரஸ் பெருமளவில் அழிக்கிறது. பலவீனமான அந்தச் சுவர் வழியே பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. எதிர்ப்புச் செல்கள் ஓய்வில்லாமல் கொதித்துக்கொண்டே இருக்கின்றன. சிகிச்சை இந்த அழற்சியை வெகுவாகத் தணிக்கும், முழுதாக அணைக்காது. ரத்தக்குழாயின் உள்தோல் புண்பட்டு, கொழுப்பு உள்ளே படிகிறது. அந்தப் படிவு வெடித்து ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

சரி, மாத்திரைதான் இதயத்தைக் கெடுக்கிறது என்று பயந்து நிறுத்துவது இன்னும் மோசம். சில பழைய மருந்துகள் கொழுப்பை ஏற்றியது உண்மை. ஆனால் விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இதய நோயும் மரணமும் கூடின என்று 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு காட்டியது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை கிளம்பினாலும் மாத்திரை பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டு பீடி, சிகரெட்டை விடாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. உப்புக்கண்டமும் எண்ணெய்ப் பலகாரமும் அளவோடு இருக்கவேண்டும்தான். ஆனால் புகையை விடுவதால் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது. பிரஷர், சுகர், கொழுப்பு மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

காரைக்குடி, தேவகோட்டை மாதிரி எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் வேறு டாக்டரிடம் எச்.ஐ.வி.யை மறைப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஊருக்குச் சொல்லவேண்டாம், உறவுக்கும் வேண்டாம். மருந்து எழுதுபவரிடம் மட்டும் சொல்லுங்கள். ரிட்டோனாவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்தோடு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் சேர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கு சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் அளவைக் குறைக்கவேண்டி வரும்.

40 வயது தாண்டியவர்கள் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா என்று கேட்காமல் இருப்பதும் தவறுதான். இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுக்குள் இருந்த, எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. தினமும் 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. அவர்கள் இதய ஆபத்து அதிகம் இல்லை என்று கருதப்பட்டவர்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் அடுத்த முறை மாத்திரை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, வியர்வை வந்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள், ஏ.ஆர்.டி. பச்சை அட்டையோ மருந்துச் சீட்டோ எது இருந்தாலும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.